பூட் லோடர் டிஸ்க்கைத் தேடும் விதம்: எல்பிஐசி-1 படிப்பவர்களுக்கு

எல்பிஐசி-1 என்ற லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வின் முதல் தாளில், கணினி எப்படித் துவங்குகிறது என்று சொல்லும் பூட் பகுதியைப் பலரும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறார்கள். 90 நிமிடத்தில் 60 கேள்வி, யோசிக்க நேரமில்லை, அதனால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இந்தப் பகுதி எனக்குத் தெளிவானது ஒரே கேள்வியால்: இப்போது டிஸ்க்கைத் தேடுவது யார்? மதர்போர்டிலேயே இருக்கும் ஃபர்ம்வேரா, லினக்ஸை ஏற்றும் பூட் லோடரான கிரப்பா, லினக்ஸின் மையமான கெர்னலா? மூன்றும் தனித்தனியாகத் தேடுகின்றன, ஒன்று டிஸ்க்குக்கு வைத்த பெயர் இன்னொன்றுக்குப் புரியாது.

பழைய வகை ஃபர்ம்வேரான பயாஸ், செட்டப்பில் உள்ள வரிசைப்படி டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மெமரியில் ஏற்றி, கடைசி இரண்டு பைட் 55 ஏஏ என்று இருந்தால் ஓடவிடும். அதில் கோடுக்குக் கிடைப்பது 446 பைட்தான், ஃபைல்சிஸ்டத்தைப் படிக்க அது போதாது. அதனால்தான் கிரப் தன் அடுத்த பகுதியை முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள காலி இடத்தில் வைக்கிறது. புதிய வகை ஃபர்ம்வேரான யூஇஎஃப்ஐ வேறு மாதிரி. மதர்போர்டின் என்விராமில் (மின்சாரம் போனாலும் அழியாத மெமரி) பூட் பதிவுகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் பொதுவாக, பூட் ஃபைல்கள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனின் தனி அடையாள எண்ணும் ஃபைல் இருக்கும் பாதையும் இருக்கும். அதனால் டிஸ்க்கை வேறு போர்ட்டில் செருகினாலும் கண்டுபிடித்துவிடும்.

அடுத்து கிரப், பலர் தடுமாறுவது இங்கேதான். கிரப் சொல்லும் எச்டி0 என்றால் லினக்ஸ் சொல்லும் எஸ்டிஏ டிஸ்க் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த எண் ஃபர்ம்வேர் காட்டிய வரிசை, பென்டிரைவ் செருகினால்கூட மாறலாம். (டிஸ்க் 0-இலிருந்தும் பார்ட்டிஷன் 1-இலிருந்தும் எண்ணப்படும், இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.) இதனால்தான் கிரப் கான்ஃபிக்கில் சர்ச் என்ற வரி யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்தின் தனி அடையாள எண்) கொடுத்துத் தேடுகிறது. அதிலேயே வரும் ஹின்ட், முதலில் எங்கே பார்க்கலாம் என்று மட்டும் சொல்கிறது. அது தவறாக இருந்தாலும் தேடல் நடக்கும்.

கெர்னலுக்கு நாம் ரூட் ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடி கொடுக்கிறோம், ஆனால் ஃபைல்சிஸ்டம் யூயூஐடியைத் தேடும் வேலை கெர்னலுடையது இல்லை! கெர்னலோடு மெமரியில் ஏற்றப்படும் சின்னத் தற்காலிக ஃபைல்சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ் உள்ளே, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல்தான் ஒவ்வொரு பார்ட்டிஷனையும் பார்த்து அந்த அடையாளத்தை எடுத்துக் கொடுக்கிறது. இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் செய்ய வேண்டுமென்றால் பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷன் டேபிளில் உள்ள அடையாள எண்) கொடுங்கள், அதைக் கெர்னல் தானே புரிந்துகொள்ளும். எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்களை நம்பவே வேண்டாம், எந்த டிஸ்க் முதலில் தயாராகிறதோ அதைப் பொறுத்து அவை மாறும்.

படித்து முடித்ததும் ஒரு விர்ச்சுவல் மெஷினில் இரண்டு டிஸ்க் சேர்த்து, டிடி கட்டளையால் முதலாவதை அப்படியே இரண்டாவதுக்கு நகலெடுங்கள். இப்போது இரண்டிலும் ஒரே யூயூஐடி, எது மவுன்ட் ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. டியூன்2எஃப்எஸ் கட்டளை வைத்து நகலின் யூயூஐடியை மாற்றி, அதன் கிரப் கான்ஃபிக்கையும் எஃப்ஸ்டேபையும் (எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் ஃபைல்) திருத்தி, அந்த நகலிலிருந்தே பூட் செய்து பாருங்கள். வழியில், தன் ஃபைல்களைக் கிரப் கண்டுபிடிக்க முடியாதபோது வரும் கிரப் ரெஸ்கியூ திரை வந்தால் பயப்படாமல் எல்எஸ் அடித்து ஒவ்வொரு பார்ட்டிஷனாகத் திறந்து கிரப் ஃபோல்டர் எங்கே என்று பாருங்கள், ரூட், ப்ரிஃபிக்ஸ் இரண்டையும் அதற்கேற்ப செட் செய்து, நார்மல் மாட்யூலை ஏற்றி நார்மல் என்று அடித்தால் மெனு வந்துவிடும்.