மொடலர் பெட்டியும் வாடைக்காற்றும்

தை 6
உவர்மலையிலிருந்து ஒரு எச்எக்ஸ் ஸ்டொம்ப் மேசைக்கு வந்திருக்கிறது. கிற்றார் அம்ப், ஸ்பீக்கர், எபெக்ட்டுகளின் சத்தத்தைச் சிப்பில் போலச்செய்யும் மொடலர் பெட்டி இது. 2018இல் வெளிவந்த ரகம். சத்தம் விட்டு விட்டு வருகிறதாம், பழசாகிவிட்டதால் புதிசு வாங்கலாமா என்று கேள்வி. ஹெட்போனில் கேட்டால் சுத்தமாக இருக்கிறது. இடப்பக்க வெளியீட்டு ஜாக்கை அசைத்தால் மட்டும் அறுகிறது. அப்படியென்றால் சிப்பில் குறையில்லை. வாடைக்காலத்து உப்பு ஈரம் ஜாக்கின் தகட்டில் படிந்திருக்கிறது.

மின்சாரத்தைக் கழற்றி, கொன்டாக்ட் கிளீனரைப் பிளக்கில் அடித்து (பெட்டிக்குள் அல்ல), 10, 15 தடவை செருகி எடுத்து, காய விட்டோம். சரி. சைக்கிள் செயினுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே இதற்கு ஆகாது. பசைபோல நின்று தூசியைப் பிடிக்கும்.

தை 7
உள்ளே இருந்த மென்பொருள் 3.0க்கும் முந்தியது. 2020இல் வந்த அந்த 3.0, இதே சிப்பில் 6 புளொக்கை (ஒரே நேரத்தில் போடக்கூடிய அம்ப், எபெக்ட் இடங்களை) 8 ஆக்கியது. 2022இல் 3.50 வந்தபோது கபினட் (அம்ப்பின் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச்செய்யும்) பகுதி முழுதும் புதிதாக எழுதப்பட்டது. இதற்கெல்லாம் ஒருவரும் பெட்டியை மாற்றவில்லை.

அப்டேற் செய்கிற வரிசை முக்கியம். முதலில் பழைய எச்எக்ஸ் எடிட்டிலேயே (பெட்டியை லப்டொப்பிலிருந்து கையாளும் எடிட்டர்) பக்கப் எடுக்க வேண்டும். புதிய எடிட்டரை முதலே போட்டால் பழைய மென்பொருளோடு அது ஒத்துப்போகாது. பிறகு புது எடிட்டர், அதன் பிறகுதான் அப்டேற். யூஎஸ்பி வயர் நேரே லப்டொப்பில், ஹப் வேண்டாம். கரண்ட் போனால் லப்டொப் பற்றரியில் ஓடும், மொடலர் ஓடாது. அதனால் அதன் 9 வோல்ட் 3 அம்பியர் அடப்டரைச் சிறிய யூபிஎஸ்ஸில் செருகினோம். முடிந்ததும் பக்டரி ரீசெற், பிறகு பக்கப்பைத் திரும்ப ஏற்றல்.

தை 8
பழைய பிரீசெற்றுகள் (சேமித்து வைத்த சத்த அமைப்புகள்) மாறவில்லை. பழைய கபினட்டுகள் லெகசி பிரிவில் நிற்கின்றன. புதியதை வேண்டுமானால் கையால் மாற்ற வேண்டும்.

சில எபெக்ட்டுகள் பட்டியலில் மங்கித் தெரிந்தால் டிஎஸ்பி, அதாவது சிப்பின் கணக்குப் போடும் சக்தி, தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்டீரியோவை மோனோ ஆக்குங்கள், ஐஆரை (ஸ்பீக்கரின் சத்தப் பதிவு) 2048 சாம்பிளிலிருந்து 1024க்கு இறக்குங்கள். சுருதியை மாற்றும் பொலி பிட்ச் வகைகள்தான் பெருந்தீனி. இவ்வளவும் செய்தும் உங்கள் ஒரு பாட்டுக்குரியது உள்ளே அடங்கவில்லையென்றால், அப்போது பெரிய பெட்டி நியாயம். அக்ஸ்-எபெக்ஸ் என்ற இன்னொரு மொடலரில் 2 வந்தது 2011, 3 வந்தது 2018. செய்கிற கொம்பனிக்கே அடுத்த தலைமுறைக்கு 7 வருசம் எடுத்திருக்கிறது. வாங்குகிறவர் ஏன் இரண்டு வருசத்துக்கொரு முறை மாற்ற வேண்டும்?

தை 10
உப்புவெளியில் வாசிக்கிற ஒருவரின் பெட்டி. "சத்தம் தேனீக் கூடு மாதிரி, மொடல் பழசு." மிக்சருக்குப் போகிற லைனில் கபினட் புளொக் அணைந்திருந்தது. போட்டதும் அடங்கியது. கிற்றார் அம்ப்பின் முன் உள்ளீட்டில் குத்தினால் மறுபக்கம்: கபினட்டை அணைக்க வேண்டும், வெளியீட்டின் அளவை லைனிலிருந்து இன்ஸ்ருமென்ற்றுக்கு மாற்ற வேண்டும்.

இரண்டு பெட்டியும் சிலிக்கா ஜெல் பையோடு திரும்பிப் போகின்றன. ஈரம் குடித்த பையை மாதமொருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறது.