சம்பள நாள் வரிசை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போக்குவரத்து ஆய்வு செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாக ஒரு கடையோ பள்ளிக்கூடமோ அடுக்குமாடியோ கட்டப்போகிறார்கள் என்றால், பக்கத்துச் சாலை அதைத் தாங்குமா என்று எண்ணிப் பார்த்து மாநகராட்சிக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். சில வருடங்களாக என் மேசைக்கு வரும் கோப்புகளில் டிரைவ் த்ரூ கடைகள் அதிகமாகிவிட்டன. காரை விட்டு இறங்காமலே பர்கரும் பொரித்த கோழியும் வாங்கிக்கொண்டு போகிற கடைகள். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் என்று நம் ஆட்கள் நிறைய வாழும் பகுதிகளில், முக்கியச் சாலையை ஒட்டி ஒரு மூலை மனை காலியானால் அதற்கு முதலில் விண்ணப்பம் போடுவது பெரும்பாலும் இந்தக் கடைக்காரர்கள்தான்.

ஊரில் இந்தக் கடைகளைப் பற்றி எல்லோரும் சொல்லும் புகார் ஒன்றே ஒன்று. வரிசை கடைக்குள் அடங்குவதில்லை. வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்து இடது தடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லோரும் வலது தடத்துக்குத் தாவுகிறார்கள். ரோபோ பச்சைக்கு மாறினாலும் (இங்கே சிக்னலுக்கு ரோபோ என்றுதான் பெயர்) பத்துக் கார் போக வேண்டிய இடத்தில் நாலு கார்தான் போகிறது. இப்படி நடக்கும் கடைகளுக்கும் முறையான அனுமதி இருக்கிறது. முறையான ஆய்வு அறிக்கையும் இருக்கிறது. அந்த அறிக்கையில் வரிசை சாலைக்கு வராது என்றுதான் எழுதியிருக்கும். அது எப்படி என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணிக்கை எடுக்கும் முறையிலிருந்து தொடங்குகிறேன். சந்திப்பில் கம்பத்தில் கேமரா கட்டுவோம், அல்லது ஆட்களை உட்கார வைப்போம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, நேராகப் போகிறவை, இடப்பக்கம் திரும்புகிறவை, வலப்பக்கம் திரும்புகிறவை எல்லாவற்றையும் குறிப்போம். ஏற்கெனவே இயங்கும் கடையாக இருந்தால் காரின் நம்பர் பிளேட்டில் கடைசி மூன்று எழுத்தைக் குறித்துக்கொண்டு, அது எப்போது நுழைந்தது, மெனு பலகையில் எவ்வளவு நேரம் நின்றது, பணம் கட்டும் ஜன்னலில் எவ்வளவு, பொட்டலம் வாங்கும் ஜன்னலில் எவ்வளவு என்று வினாடிக் கணக்கில் எழுதுவோம். வெயிலில் உட்கார்ந்து செய்கிற வேலைதான், ஆனால் எனக்குப் பிடித்த வேலை. வரிசை எங்கே பிறக்கிறது என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது.

இந்தத் தொழிலில் எல்லோரும் கடைப்பிடிக்கிற ஒரு வழக்கம் உண்டு. எண்ணிக்கை சாதாரண நாளில் எடுக்க வேண்டும். செவ்வாய், புதன், வியாழன். பள்ளி விடுமுறை கூடாது, பொது விடுமுறை கூடாது, மாதக் கடைசி கூடாது. அலுவலகம் போய்வரும் போக்குவரத்தை அளக்க இது நல்ல வழக்கம்தான். ஆனால் தென்னாப்பிரிக்காவில் மாதச் சம்பளக்காரர்களில் பலருக்கு 25ஆம் தேதி பணம் வருகிறது. அது சனி ஞாயிறாக இருந்தால் முந்தின வெள்ளிக்கிழமை. அன்று மாலை குடும்பத்தோடு வெளிச் சாப்பாடு என்பது இங்கே அநேக வீடுகளில் வழக்கம். மாதம் முழுக்கக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறவர்கள் அந்த ஒரு நாள் பிள்ளைகளுக்கு ஒரு பக்கெட் கோழி வாங்கிக் கொடுக்கிறார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. குறை எங்கள் எண்ணிக்கையில் இருக்கிறது. வரிசை நீளும் நாளை எங்கள் வழக்கமே விலக்கி வைத்துவிடுகிறது. வருடத்துக்கு பன்னிரண்டு முறை, தேதி குறித்து வருகிற ஒன்றை அசாதாரணம் என்று எப்படிச் சொல்வது?

செவ்வாய்க்கிழமைக்கும் சம்பள வெள்ளிக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று மனைச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதானே என்பார்கள். அந்தக் 'கொஞ்சம்' என்ன செய்யும் என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர். அதனால் ஒரு சின்னக் கணக்கு.

பொட்டலம் கொடுக்கும் ஜன்னலில் ஒரு காருக்குச் சராசரியாக 60 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கார் போகலாம். கார்கள் நேரம் குறித்து வருவதில்லை, முன்னே பின்னே கூட்டமாகவும் தனியாகவும் வரும். ஒவ்வொரு காருக்கும் ஆகும் நேரமும் ஒரே மாதிரி இருக்காது. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய சூத்திரத்தில் போட்டால், மணிக்கு 48 கார் வரும்போது கடைக்குள் சராசரியாக 4 கார் நிற்கும். 54 வந்தால் 9. 57 வந்தால் 19. மணிக்கு ஒன்பது கார்தான் கூடியிருக்கிறது, வரிசை கிட்டத்தட்ட ஐந்து மடங்கு ஆகிவிட்டது. ஒரு காருக்கு 6 மீட்டர் என்று வைத்தால் 24 மீட்டரில் அடங்கிய வரிசை 114 மீட்டர் ஆகிறது. காத்திருக்கும் நேரம் 5 நிமிடத்திலிருந்து 20 நிமிடம். வரும் வேகத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கினால் நிற்கிறவர்களின் எண்ணிக்கை வரும் என்று ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்ததை வைத்து யாரும் இதைச் சரிபார்க்கலாம். நிஜக் கடையில் எண்கள் இதைவிடக் குறையலாம். ஆனால் முழுக் கொள்ளளவை நெருங்க நெருங்க வரிசை திடீரென்று எகிறும் என்பது எந்தக் கடைக்கும் பொருந்தும்.

சம்பள நாளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. வழக்கமாக ஒரு காருக்கு ஒரு பர்கர், ஒரு குளிர்பானம். அன்றைக்கு வீட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து ஆர்டர். 60 வினாடி 75 ஆகிறது. அப்போது மணிக்கு 48 கார்தான் போக முடியும், வருவதோ 57. இனி சராசரி என்று ஒன்றே கிடையாது. கூட்டம் ஓயும்வரை மணிக்கு ஒன்பது கார் வீதம் வரிசை வளர்ந்துகொண்டே போகும்.

இதை எனக்குக் கண்ணால் காட்டியவர் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடையில் ஷிப்ட் பார்க்கும் ஒரு அக்கா. கொள்ளுத்தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தமிழ் அவருக்குக் கோயிலிலும் சமையலறையிலும் மிஞ்சியிருக்கிறது. நான் பேசினால் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வார், நடுவில் "தம்பி" மட்டும் தவறாமல் வரும். ஜன்னலுக்கு மேலே ஒரு திரை இருக்கிறது. ஒவ்வொரு கார் எவ்வளவு வினாடி நிற்கிறது என்று அதில் ஓடும். நேரம் தாண்டினால் சிவப்பு. மேலிடத்துக்கு அந்த எண்தான் தெரியும். கோழி தயாராக இல்லை என்றால் அந்தக் காரை முன்னால் தள்ளி, காத்திருக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். கடிகாரம் நின்றுவிடும், திரையில் பச்சை வரும். சாதாரண நாளில் இது நல்ல ஏற்பாடு. ஒரு பெரிய ஆர்டருக்காகப் பின்னால் இருக்கும் எல்லோரும் காத்திருக்க வேண்டியதில்லை. சம்பள நாளில் அந்த இடங்கள் சீக்கிரமே நிரம்பிவிடுகின்றன. அதற்குப் பிறகு தள்ளப்படும் கார் வெளியேறும் வழியில் நிற்கிறது. வாங்கிக்கொண்டு போக வேண்டியவனும் போக முடியாது.

"ஜன்னலில் கை வேகமாக ஓடலாம் தம்பி, எண்ணெய்ச் சட்டி ஓடாது" என்றார் அவர். எலும்போடு இருக்கும் கோழித் துண்டு உள்வரை வேகப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு தட்டு தீர்ந்து அடுத்த தட்டு வருவதற்குள் வரிசை அசையாது. அதனால்தான் ஆர்டர் எடுக்கும் பலகையை இரண்டாக்கிவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது என்று விண்ணப்பத்தில் எழுதி வந்தால் நான் ஏற்பதில்லை. இரண்டு பலகையில் வாங்கிய ஆர்டரும் ஒரே அடுப்புக்குத்தான் போகிறது. அடுப்பில் எத்தனை தட்டு, மாலையில் எத்தனை ஆள் என்று கேட்பேன். போக்குவரத்து ஆய்வாளருக்கு அது எதற்கு என்று திருப்பிக் கேட்டவர்கள் உண்டு. வரிசை அங்கேதான் தொடங்குகிறது என்பதுதான் என் பதில்.

மின்வெட்டுக் காலத்தையும் சொல்ல வேண்டும். 2022, 2023 வருடங்களில் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. வீட்டில் அடுப்பு எரியாது. ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடையில் விளக்கு எரியும். எல்லோரும் அங்கே போனார்கள். அதே நேரம் பக்கத்துச் சந்திப்பில் ரோபோவும் அணைந்திருக்கும். அணைந்த ரோபோ என்றால் நாலு பக்கமும் நின்று, முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது இங்குள்ள விதி. சந்திப்பின் கொள்ளளவு பாதாளத்துக்கு விழும் நேரத்தில்தான் கடைக்கு வரும் கூட்டம் ஏறியது. அந்த மாலைகளில் எடுத்த எண்ணிக்கைகளை எந்த அறிக்கையிலும் சேர்க்க முடியவில்லை, 'அசாதாரண நிலை' என்று ஒதுக்கப்பட்டன. மாதக்கணக்கில் அன்றாடம் நடந்த ஒன்று.

சாட்ஸ்வொர்த் சாலைகள் இதற்காகப் போடப்பட்டவை அல்ல. இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் இந்தியர்களைப் பல இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து 1960களில் உருவாக்கிய ஊர் அது. மேடும் பள்ளமுமான நிலத்தில் வளைந்து போகும் சாலைகள். நடுவில் ஹிக்கின்சன் நெடுஞ்சாலை. உள்ளே வர, வெளியே போக, எல்லோரும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். அதில் ஒரு தடம் அடைபட்டால் சுற்றிப் போக நல்ல மாற்று வழி எளிதில் கிடைக்காது.

அந்தத் தடத்தில் யார் மாட்டிக்கொள்கிறார்கள் என்று நின்று பார்த்திருக்கிறேன். மினிபஸ் டாக்சிகள். காலையில் இருட்டோடு கிளம்பி, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள். ஒரு டாக்சியில் பதினைந்து பேர் என்றால், அது நாலு நிமிடம் நின்றாலே ஒரு மணி நேர மனித உழைப்பு கரைந்துவிடுகிறது. வரிசையில் நிற்கும் காரில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர். காத்திருப்பதை அவர்களாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள், முடிவில் சூடாகச் சாப்பாடும் கிடைக்கும். டாக்சியில் இருப்பவர்களுக்கு அதில் எதுவும் இல்லை. எங்கள் அறிக்கைகளில் வாகனத்தைத்தான் எண்ணுகிறோம். டாக்சியும் ஒன்று, காரும் ஒன்று. இது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. பஸ்ஸுக்கும் டாக்சிக்கும் ஆள் கணக்கில் தாமதத்தைக் காட்டும் ஒரு அட்டவணையை இப்போது என் அறிக்கைகளில் தனியாகச் சேர்க்கிறேன். கேட்காமலே சேர்க்கிறேன்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை இன்னும் பெரிது. மெக்டொனால்ட்ஸ் தன் முதல் டிரைவ் த்ரூவை 1975இல் அரிசோனாவின் சியெரா விஸ்டாவில் திறந்தது. பக்கத்து ராணுவ முகாம் வீரர்கள் பணிச் சீருடையில் வெளியே காரை விட்டு இறங்கக்கூடாது என்று விதி இருந்ததுதான் காரணம். கொஞ்சப் பேருக்காக வெட்டிய ஜன்னல் பிறகு தொழிலின் பிரதான வாசலாகிவிட்டது. 2019இல் மினியாபொலிஸ் நகரம் புதிய டிரைவ் த்ரூக்களுக்குத் தடை போட்டது. 2022இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு சிக்-ஃபில்-ஏ கடையின் வரிசை சாலையை அடைத்ததால், அதைப் பொதுத் தொல்லை என்று அறிவிக்கலாமா என்று நகர சபை விவாதித்தது. தென்னாப்பிரிக்காவுக்கு கேஎஃப்சி 1971இலும் மெக்டொனால்ட்ஸ் 1995இலும் வந்தன. தடை இங்கே சரிவராது என்று நினைக்கிறேன். இந்தக் கடைகளில் வேலை செய்கிற இளைஞர்களுக்கு வேறு வேலை கிடைப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. வாசலை முக்கியச் சாலையில் வைக்காமல் பக்கத்துத் தெருவில் வைக்கலாம். ஆர்டர் பலகையை மனைக்குள் முடிந்தவரை தள்ளி வைத்தால் அதற்கு முன்னால் நிற்கும் கார்கள் உள்ளேயே நிற்கும். எதிர்த்திசையிலிருந்து வருகிறவர்கள் வலப்பக்கம் வெட்டித் திரும்ப முடியாதபடி நடுத்திட்டு போடலாம். இங்கே இடப்பக்கம் ஓட்டுகிறோம் என்பதால், உள்ளே இடம் இல்லாமல் நடுச்சாலையில் காத்திருக்கும் அந்த ஒரு கார் இரண்டு பக்கத்தையும் கெடுத்துவிடும். ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் கட்டடத்தைச் சுற்றி வலஞ்சுழியாகத்தான் கார் போக வேண்டும். வேறு நாட்டு வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து போட்டால் வாசல் தப்பான மூலையில் வந்து நிற்கும். பிறகு கடைக் காவலர் சாலையில் இறங்கிக் கை காட்டுவார். பாவம், அவருக்கு அங்கே எந்த அதிகாரமும் கிடையாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் சரியான நாளில் எண்ண வேண்டும். எங்கள் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அங்கிள். பீனிக்ஸ்காரர். புரட்டாசி மாதத்தில் சனிக்கிழமை எண்ணிக்கை எடுக்கத் தேதி குறித்தபோது அவர்தான் தடுத்தார். இங்குள்ள தமிழர்கள் பலர் அந்த மாதம் முழுக்க அசைவம் தொடமாட்டார்கள். அப்போது எண்ணினால் கோழிக் கடை வரிசை குறைவாகத்தான் தெரியும், மாதம் முடிந்த வாரத்தில் எண்ணினால் வேறு கதை. "எந்த ஊரில் எண்ணுகிறாயோ அந்த ஊர் நாள்காட்டியைப் பார்" என்றார். எந்தக் கையேட்டிலும் எனக்குக் கிடைக்காத அறிவுரை. இப்போது துரித உணவுக் கடை என்றால் வழக்கமான செவ்வாய் எண்ணிக்கையோடு சம்பள வெள்ளி மாலையும் ஒரு சனிக்கிழமை மதியமும் எடுக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. சில வாடிக்கையாளர்கள் செலவைக் காட்டி வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். போகட்டும். மாநகராட்சியில் அறிக்கையைப் பார்க்கும் அதிகாரிகளில் ஓரிருவர் மற்ற நிறுவனங்களிடமும் இதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அறிந்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் டர்பன்காரர்கள் இருந்தால் ஒரு விஷயம். உங்கள் தெருமுனை மனையில் டிரைவ் த்ரூவுக்கு விண்ணப்பம் வந்தால் வேலியில் அறிவிப்பு ஒட்டுவார்கள். அதில் கருத்துச் சொல்லக் கடைசித் தேதி போட்டிருக்கும். கடை வேண்டாம் என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். போக்குவரத்து அறிக்கையைக் கேட்டு வாங்கி, எண்ணிக்கை எடுத்த தேதியைப் பாருங்கள். மாத நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை என்றிருந்தால், 25ஆம் தேதி மாலை ஐந்திலிருந்து எட்டு மணிவரை எடுத்த எண்ணிக்கை எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். வரிசை நிற்க மனைக்குள் எத்தனை மீட்டர் விட்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் எண்ணில் பதில் கேட்க வேண்டும்.