அதிமதுரமும் என் இரத்த அழுத்தமும்

சென்ற ஆடி மாதம் பல் பிடுங்கப் போன இடத்தில்தான் எனக்கு இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. ஊசி போடுவதற்கு முன் அளந்து பார்த்த செவிலியர், கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அளந்தார். 158/98. பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பொது மருத்துவரிடம் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வயது 46. ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறேன், 22 ஆண்டுகளாகத் தமிழாசிரியை. அப்பா பக்கவாதத்தில் விழுந்து நான்கு ஆண்டுகள் படுக்கையில் கிடந்த வீடு எங்களுடையது. அதனால் அந்த எண்ணைக் கேட்டதும் கை நடுங்கியது. ஆனாலும் ஆயுள் முழுக்க மாத்திரை என்பதை மனம் ஏற்கவில்லை. மருத்துவரிடம் மூன்று மாத அவகாசம் கேட்டேன். ஈசிஜி, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் பார்த்த பிறகு, இரண்டு நிபந்தனைகளுடன் சம்மதித்தார். காலையும் மாலையும் வீட்டில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். 160/100ஐத் தாண்டினால் உடனே வர வேண்டும்.

முதல் வாரம் நான் எழுதிய எண்களில் பாதி பயனற்றவை. மாடி ஏறி வந்ததும், காபி குடித்த கையோடும், மகளிடம் பேசிக்கொண்டும் அளந்திருக்கிறேன். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதங்கள் தரையில் பதிய, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, வாய் திறக்காமல் அளக்க வேண்டும் என்பதை மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தார்கள். அதைச் செய்ததுமே எண்கள் ஓரளவு இறங்கின.

இதற்குள் செய்தி உறவில் பரவிவிட்டது. நாத்தனார் இந்துப்பு அனுப்பினார். பக்கத்து வீட்டு அக்கா வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு தின்னச் சொன்னார். நான்காம் நாளே வயிறு எரிந்தது, விட்டுவிட்டேன். அண்ணன் நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஒரு பொடிப் பொட்டலம் வாங்கி வந்தார்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது மருத்துவர் இரத்தப் பரிசோதனைத் தாளில் ஓர் எண்ணைச் சுட்டிக்காட்டினார். பொட்டாசியம் 3.3. குறைந்தது 3.5 இருக்க வேண்டுமாம். "ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா, டீச்சர்?" என்றார். இல்லை என்றேன். "வீட்டில் மருந்து மாதிரி எது இருந்தாலும் ஒரு பையில் போட்டு நாளைக்குக் கொண்டு வாருங்கள்" என்றார்.

கொண்டு போய் மேசைமேல் வைத்தேன். அண்ணன் தந்த பொட்டலத்தை முதலில் எடுத்தார். சர்ப்பகந்தா என்ற மூலிகை. அதிலிருந்துதான் 1952இல் ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள், அது உண்மையிலேயே அழுத்தத்தை இறக்கும், ஆனால் அளவு கூடினால் இதயத் துடிப்பு மந்தமாகும், மனச்சோர்வு வரும், இந்தப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்றார். நல்லவேளை, நான் அதைப் பிரிக்கவில்லை. இந்துப்பை ஓரமாகத் தள்ளினார். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நாக்குக்கும் சிறுநீரகத்துக்கும் உப்பு உப்புதான்.

கடைசியாக, என் கைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்ன டப்பா. அதிமதுரத் துண்டுகள். தொண்டை கட்டாமல் இருக்க, நாளுக்கு ஆறு பாடவேளையும் ஒரு துண்டு கன்னத்தில் ஒதுங்கியிருக்கும். இரவில் பொடியைத் தேனில் குழைத்தும் சாப்பிடுவேன். ஏழெட்டு ஆண்டுப் பழக்கம். அதை மருந்து என்று நான் நினைத்ததே இல்லை. மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும், அழுத்தத்தை ஏற்றும். என் தாளில் இருந்தது அப்படியே அதுதான். நல்லது என்று நம்பி அத்தனை ஆண்டுகள் அழுத்தத்தை நானே ஊட்டி வளர்த்திருக்கிறேன் என்பது வீடு வந்த பிறகும் ஆறவில்லை. அன்றே நிறுத்தினேன்.

அடுத்தது உப்பு. ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரித்த அன்று அதன்மேல் தேதி எழுதினேன். மூன்று பேர் உள்ள வீட்டில் 26 நாளில் தீர்ந்தது. ஆளுக்கு நாளுக்கு ஏறத்தாழ 13 கிராம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் இதில் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டி. ஒரேயடியாகக் குறைத்தபோது கணவர் தட்டை நகர்த்திவிட்டார். பிறகு வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தேன். எலுமிச்சை, மிளகு, சீரகம் கூட்டினேன். தயிர்ச் சாதத்துக்கு ஊறுகாய்க்குப் பதில் வெங்காயம். மூன்றாம் பாக்கெட் 58 நாள் வந்தது. கீரையும் வாழைப்பழமும் தினமும் உண்டு. என் சிறுநீரகம் நன்றாக இருப்பதால் மருத்துவர் தாராளமாகச் சாப்பிடச் சொன்னார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் என்னைப் பார்த்து இதைச் செய்துவிட வேண்டாம். அவர்களுக்குப் பொட்டாசியம் கூடினால் ஆபத்து.

விடியற்காலையில் சித்திரை வீதியில் அரை மணி நேரம் வேக நடை. இரவில் பத்து நிமிடம், நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் மெதுவாக இழுத்து விடுவது. இது அழுத்தத்தை எவ்வளவு இறக்கியதோ தெரியாது, தூக்கம் நன்றாக வந்தது.

மூன்று மாத முடிவில் ஒரு வாரச் சராசரி 138/88. பொட்டாசியம் 4.1. ஆனாலும் வீட்டில் அளப்பது 135/85க்குக் கீழே இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். அப்பாவின் கதையையும் நினைவூட்டி, அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரை 2.5 மில்லிகிராம் எழுதினார். அன்று இரவு அழுதேன். மூன்று மாத உழைப்பும் வீண் என்று தோன்றியது. மறுநாள் நோட்டைப் புரட்டிய மகள்தான் கேட்டாள்: "158இல் ஆரம்பித்திருந்தால் இந்தச் சின்ன மாத்திரை போதுமாம்மா?" இப்போது 124/80. உப்பும் நடையும் அப்படியே தொடர்கின்றன.

போன வாரம் ஆசிரியர் அறையில் ஒரு டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டே அதிமதுரத் துண்டு ஒன்றை என்னிடமும் நீட்டினார். அவருடைய அழுத்தம் எவ்வளவு என்று கேட்டேன். பார்த்ததே இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை கருவியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன்.