வேலைக்குப் போனால் ஓடிஎஸ்பி வெட்டுப்படுமா?

"வேலைக்குப் போகாதேங்கோ, காசை வெட்டிப் போடுவாங்கள்." ஒன்ராறியோவில் ஓடிஎஸ்பி (மாகாண அரசு மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் மாதக் கொடுப்பனவு) எடுக்கிற தமிழர்களுக்கு அக்கம்பக்கத்தில் அடிக்கடி கிடைக்கிற புத்திமதி இது. இதை நம்பி, வாரத்தில் பத்து மணித்தியாலம் வேலை செய்யக்கூடியவர்களும் வருடக்கணக்காக வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். விதி அவ்வளவு கடுமையானதல்ல. ஓடிஎஸ்பி, சிபிபி (கனடா ஓய்வூதியத் திட்டம்) இயலாமைக் கொடுப்பனவு இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள்தான் உண்மையில் கவனமாக இருக்க வேண்டும். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஓடிஎஸ்பி. 2023 பெப்ரவரியிலிருந்து மாற்றுத்திறனாளி ஒருவர் மாதம் 1,000 டொலர் வரை உழைத்தாலும் கொடுப்பனவில் ஒரு சதமும் குறையாது. அதற்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் 75 சதம் குறையும். வரி, இஐ (வேலையிழப்புக் காப்புறுதி), யூனியன் சந்தா போன்ற கட்டாயப் பிடிப்புகள் போய்க் கையில் வரும் தொகையை வைத்துத்தான் இந்தக் கணக்குப் பார்ப்பார்கள். உழைப்பு வருமானம் உள்ள மாதத்துக்கு 100 டொலர் வேலைப் படியும் உண்டு.

2025 ஜூலையில் தனி ஆளுக்கு ஓடிஎஸ்பி ஆகக் கூடியது மாதம் 1,408 டொலராக இருந்தது. அவர் கையில் 1,600 டொலர் சம்பளம் எடுக்கிறார் என்று வைப்போம். 1,000 போக மிச்சம் 600. அதில் 75 வீதம் 450. ஓடிஎஸ்பி 958 ஆகும். சம்பளம், 958, வேலைப் படி 100 எல்லாம் சேர்த்து 2,658 டொலர். வேலையில்லாமல் இருந்தால் 1,408 மட்டும். உழைத்தால் நட்டம் என்ற பேச்சு இந்தக் கணக்கில் நிற்காது. அவருடைய கைச்சம்பளம் ஏறக்குறைய 2,877 டொலரைத் தொட்டால்தான் கொடுப்பனவு பூச்சியமாகும். அப்போதும் மருந்து, பல் வைத்தியம் போன்ற உதவிகளைத் தொடர்ந்து பெற வழி இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். பிறகு வேலை போனால், இயலாமையை முதலிலிருந்து நிரூபிக்காமல் திரும்பச் சேர விரைவு வழியும் இருக்கிறது. இயலாமை இல்லாத கணவன் அல்லது மனைவி உழைத்தால் கணக்கு வேறு: 200 டொலர் விலக்கு, அதற்கு மேல் பாதி குறையும்.

பலர் மாட்டுப்படுவது சம்பள நாளில். எந்த மாதம் வேலை செய்தீர்கள் என்பதை ஓடிஎஸ்பி பார்ப்பதில்லை, எந்த மாதம் காசு கைக்கு வந்தது என்றே பார்க்கிறது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை 480 டொலர் வருகிறவருக்கு வழமையான மாதத்தில் 960, வெட்டே இல்லை. ஆனால் வருடத்தில் இரண்டு மாதங்களில் மூன்று சம்பளம் விழும். அந்த மாதம் 1,440 ஆகி, 330 டொலர் குறையும். அதற்கு அடுத்த மாதம் வாடகைக்குத் தடுமாறாமல் இருக்க, வருடத் தொடக்கத்திலேயே கலண்டரில் மூன்று சம்பள மாதங்களைக் குறித்து வையுங்கள்.

ஒரு மாத வருமானத்தை அடுத்த மாதம் 7ஆம் திகதிக்குள் மைபெனிபிட்ஸ் இணையத்தளத்திலோ அலுவலகத்திலோ அறிவிக்க வேண்டும். சம்பளச் சிட்டை எல்லாவற்றையும் வைத்திருங்கள். "கையில காசு" வேலையும் வருமானம்தான். மறைத்துப் பிடிபட்டால் கூடுதலாக எடுத்த தொகை கடனாக ஏறும், மாதாமாதம் கழிப்பார்கள். 1,000 டொலர் விலக்கு இருக்கும்போது சின்னத் தொகையை மறைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

இனி சிபிபி. இது முன்பு உழைத்தபோது கட்டிய பங்களிப்புக்கு மத்திய அரசு தருவது. இங்கே கணக்கு வருடத்துக்கு, அதுவும் பிடிப்புகளுக்கு முந்திய முழுச் சம்பளத்துக்கு. 2025இல் எல்லை 7,100 டொலராக இருந்தது. அதைத் தாண்டினால் சிபிபியைக் கவனிக்கும் மத்திய அரசு அலுவலகமான சர்வீஸ் கனடாவுக்கு அறிவிக்க வேண்டும். முட்டுகிற இடம் இதுதான். ஓடிஎஸ்பி தருகிற மாதம் 1,000 டொலர் விலக்கை முழுதாகப் பாவித்தால் வருடத்துக்கு 12,000. மாகாணத்தின் பக்கம் ஒரு பிழையும் இல்லாத அதே ஆள், மத்திய அரசின் எல்லையை ஓகஸ்ட்டுக்குள் கடந்துவிடுவார். "ஓடிஎஸ்பிக்குச் சொல்லியாச்சு" என்று இருந்துவிடக் கூடாது. ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்குச் சொன்னதாகாது.

எல்லையைத் தாண்டியதும் சிபிபி நின்றுவிடாது. தொடர்ந்து ஒழுங்காக உழைக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். முடியும் என்றாலும் மூன்று மாதம் பரீட்சார்த்தமாக வேலை செய்துகொண்டே கொடுப்பனவை எடுக்கலாம். நின்ற பிறகு இரண்டு வருடத்துக்குள் அதே இயலாமையால் வேலை செய்ய முடியாமல் போனால், புதிய விண்ணப்பமாகப் போடாமல் மீளத் தொடங்கலாம். நேரத்துக்குச் சொல்லாதவர்களுக்குத்தான் காசைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும். வரிப் பதிவில் அவர்கள் சம்பளம் தெரிந்துவிடும்.

இன்னொன்று. சிபிபி இயலாமைக் கொடுப்பனவு எடுப்பவரின் சம்பளத்தில் சிபிபி பங்களிப்புப் பிடிக்கக் கூடாது. முதல் சம்பளச் சிட்டையிலேயே அந்த வரியைப் பாருங்கள். பிடித்திருந்தால் சிபிபி அனுமதிக் கடிதத்தை வேலையிடத்தில் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.

இரண்டும் எடுப்பவருக்கு சிபிபி தொகை ஓடிஎஸ்பியில் டொலருக்கு டொலர் கழியும். 1,000 டொலர் விலக்கு உழைப்புக்கு மட்டும். 2025 ஜூலையில் தொடங்கிய கனடா இயலாமை நலக் கொடுப்பனவை (தொடக்கத்தில் ஆகக் கூடியது மாதம் 200 டொலர்) ஒன்ராறியோ கழிப்பதில்லை. அதன் கணக்கில் தனி ஆளின் வருட உழைப்பில் 10,000 டொலர் வரை சேராது. ஆனால் வரிப் பத்திரம் ஒவ்வொரு வருடமும் போட்டிருக்க வேண்டும்.

வொலன்டியர் வேலைக்கு ஓடிஎஸ்பியில் தடை இல்லை. கோயில் அன்னதானத்துக்கு உதவுவதாலோ சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுப்பதாலோ காசு குறையாது. சிபிபியும் தொண்டு செய்வதைத் தடுப்பதில்லை. ஆனால் கிழமையில் ஐந்து நாளும் முழுநேரமாக, அலுவலக வேலை போலவே செய்தால், மீளாய்வில் "இவரால் வேலை செய்ய முடியும்" என்று காட்ட அதையே எடுக்கலாம். எந்த நாள், எத்தனை மணித்தியாலம், இடையில் எவ்வளவு ஓய்வு, வலியால் எந்த நாள் போகவில்லை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உண்மையான நிலையைச் சொல்ல அது உங்களுக்கு உதவும். பஸ் காசைத் திருப்பித் தந்தால் ரசீது வாங்குங்கள். மாதாமாதம் ஒரே தொகை கவரில் வந்தால் அறிவியுங்கள், அதை உழைப்பு வருமானமாகப் பதிந்தார்களா என்றும் பாருங்கள். அப்படிப் பதியாவிட்டால் விலக்குக் கிடைக்காது.

அரச மானிய வீட்டில் இருப்பவர்கள் வீட்டு அலுவலகத்துக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். உழைப்பு ஒரு அளவைத் தாண்டினால் வாடகை, ஓடிஎஸ்பி எடுப்பவர்களுக்கான வாடகை அட்டவணையை விட்டு, வருமானத்தில் 30 வீதம் என்ற கணக்குக்கு மாறும். புது வேலையை ஏற்குமுன் இந்தத் தொகையையும் கேட்டு வாங்குங்கள்.

வெட்டு பிழை என்று பட்டால், கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் உள்ளக மீளாய்வு எழுத்தில் கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் அந்த முடிவிலிருந்து இன்னொரு 30 நாளுக்குள் சமூக நலத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சமூகச் சட்ட உதவி நிலையங்கள் இதைக் காசு வாங்காமல் செய்து தருகின்றன. கடிதம் வந்த உறையையும் எறியாதீர்கள். அதில் உள்ள தபால் முத்திரைத் திகதி 30 நாள் வழக்கில் கைகொடுக்கும்.