'பவுண்ட்' படமும் இரண்டு கட்சிகளும்
1996இல் ஏறத்தாழ 60 லட்சம் டாலரில் 'மேட்ரிக்ஸ்' புகழ் வச்சாவ்ஸ்கி சகோதரிகள் எடுத்த முதல் படமான 'பவுண்ட்' (Bound) திரையரங்குகளில் பெரிதாக ஓடவில்லை. இரு பெண்களின் காதலை ஆண்களின் கண்ணுக்கு விருந்தாக்கிவிட்டார்கள் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அக்காதலர்களைக் கடைசியில் சாகடிக்காமல் வெல்லவிட்டதே பெரிது என்று கொண்டாடிய லெஸ்பியன் பார்வையாளர்களும் உண்டு. என் ஓட்டு இரண்டாம் தரப்புக்கே. பாலியல் பற்றி எழுதிவரும் லெஸ்பியன் தரப்பு எழுத்தாளர் சூசி பிரைட்டை ஆலோசகராக வைத்துக்கொண்டு எடுத்ததாலோ என்னவோ, நெருக்கமான காட்சிகளில் ஒளிந்து பார்க்கும் தன்மை சற்றும் இல்லை. (அவற்றுக்காக மட்டுமே பார்க்க உட்காருபவர்கள் ஏமாந்துபோவார்கள்; அவை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன.) அதன்பின் அடுத்தடுத்த இரண்டு வீடுகள், இடையே ஒரு மெல்லிய சுவர், மாஃபியாவின் 20 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட பணம், அதைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும் பாத்திரத்தில் நடிகர் ஜோ பான்டோலியானோ ஆகியவற்றை வைத்தே, பெரிய பட்ஜெட் இல்லாத படக்குழு நம்மை மூச்சுமுட்ட வைத்துவிடுகிறது.