பொங்கலன்று போர் நினைவிடத்தில் அப்பாவுடன்

2025ஆம் ஆண்டு தைப்பொங்கல் ஜனவரி 14ஆம் தேதி வந்தது. முன்னாள் படைவீரர்கள் தினமும் அதே நாள்தான். நம் தரைப்படைக்கு இந்தியரில் முதல் தலைமைத் தளபதியாக இருந்த கரியப்பா 1953இல் பணி ஓய்வு பெற்ற தேதி அது. மதராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, பொங்கலுக்காக வேலூரிலிருந்து டெல்லிக்கு வந்திருந்தார். காலையில் ஆர்.கே. புரம் மலை மந்திரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, சர்க்கரைப் பொங்கலை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, இந்தியா கேட் அருகே உள்ள தேசியப் போர் நினைவிடத்துக்குக் கிளம்பினோம்.

வாசலில் அப்பா ஸ்வெட்டருக்கு மேல் கோட்டைப் போட்டு, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த பதக்கங்களை எடுத்து, குளிரில் விறைத்த விரல்களால் ஒவ்வொன்றாக இடது மார்பில் குத்திக்கொண்டார். ஒன்றின் நாடா ஓரம் நைந்து நூல் பிரிந்திருந்தது.

2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட இந்த இடம் சக்கரவியூகம்போல வட்டத்துக்குள் வட்டமாக அமைந்தது. நடுவில் அணையாச் சுடர். அதைச் சுற்றியுள்ள தியாக சக்கரத்தின் கிரானைட் சுவர்களில், சுதந்திரத்துக்குப் பின் நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களின் பெயர்கள் கல்லுக்கு ஒன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரகாசன் என்று சொன்னேன். "நம்ம ஊர்ப் பிள்ளையா!" என்று அப்பா நின்று ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். எனக்கும் அதில் பெருமைதான்.

நாட்டின் மிக உயரிய போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் சிலைகள் இருக்கும் பரம் யோதா ஸ்தலில், 1987 நவம்பரில் இலங்கையில் வீழ்ந்து அந்த விருதைப் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலைக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். ஆனால் அவர் தேடி வந்தது வேறொரு பெயரை. காவலுக்கு நின்ற இளம் சிப்பாய் ஒருவர், "ஐயா" என்று தமிழிலேயே அழைத்துக் கூடவே வந்து தேடித் தந்தார். பெயரைப் பார்த்ததும் அப்பா அந்த நண்பரின் ராணுவ எண்ணை, ஓர் இலக்கம்கூடத் தடுமாறாமல், மெல்லச் சொன்னார். பிறகு எழுத்துகளின் மீது விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

வெளியே புல்வெளியில் டப்பாவைத் திறந்தோம். 1988 பொங்கலன்று யாழ்ப்பாண முகாமில், மெஸ் டின்னில் அரிசியையும் வெல்லத்தையும் போட்டுப் பொங்கியவர் அந்த நண்பர்தானாம். "அடி பிடிச்சிருச்சுப்பா. ஆனா ஒருத்தனும் மிச்சம் வைக்கல" என்றார் அப்பா.