சிவனொளிபாதமலையில் கெமராவும் அடியவரோடு ஏறட்டும்

இலங்கை மலையகத்தின் சிவனொளிபாதமலைக்குக் கெமராவோடு போகிறவர்களில் அநேகர் சூரிய உதயத்தையே மனதில் வைத்துப் போகிறார்கள். உதயத்தை எந்த மலையிலும் எடுக்கலாம். நடுநிசிக் குளிரில் ஒரு கையால் இரும்புக் கம்பியைப் பற்றி, மறு கையைப் பேரன் தோளில் ஊன்றி, "அரோகரா" சொல்லிச் சொல்லி ஏறும் தோட்டத்துப் பாட்டியை இந்த மலையில்தான் எடுக்க முடியும். அந்த நடைதான் இங்கே முதன்மை.

சீசன் மார்கழிப் பக்கம் வரும் உந்துவப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி வெசாக் போயாவோடு முடியும். அந்த மாதங்களில்தான் படிக்கட்டு நெடுக விளக்கு எரியும். அட்டன், மஸ்கெலியா வழியாக வருகிறவர்கள் நல்லதண்ணியிலிருந்து 5,000க்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். சிகரம் 2,243 மீற்றர். சாதாரண நாளில் மூன்று, நான்கு மணி நேரம் போதும். போயாவிலும் வார இறுதியிலும் மேல் பகுதியில் வரிசை நகராமல் நின்றுவிடும். ஆகவே படம் எடுக்க நினைப்பவர் வார நாளில் போவதே நல்லது.

மலையடிவாரத்திலேயே ஒரு படம் இருக்கிறது. இருட்டில் மலைமேல் கோடாக ஏறிப்போகும் விளக்கு வரிசை. ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 400, எஃப் (லென்ஸ் துவார அளவு) 8, ஷட்டர் பத்து முதல் இருபது விநாடி திறந்திருக்கட்டும். அதற்குமேல் போனால் விளக்குகள் வெளுத்துக் கோடு கலங்கிவிடும். முக்காலிக்கு வேலை இங்கேயே முடிகிறது. படிகளில் அதை விரித்தால் பின்னால் வருகிறவர் கால் இடறும்.

மேலே போகப் போக, எஃப் 1.8 அல்லது 2 வரை திறக்கும் 35 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றே போதும். ஐ.எஸ்.ஓ. 3200 வைத்தாலும் பரவாயில்லை. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், வேகத்தைக் கூட்டினால் சில விளக்குகளின் கீழ் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழும். இன்னொரு சிக்கல் வெள்ளை உடை. சுற்றிலும் இருட்டைக் கண்டு கெமரா வெளிச்சத்தைக் கூட்டும். வேட்டியும் சேலையும் மடிப்புத் தெரியாமல் வெளுத்துப்போகும். ஒரு ஸ்டொப் குறையுங்கள், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். விடிந்து பனிமூட்டம் சூழ்ந்தால் நேரெதிர்: எல்லாம் சாம்பலாகும், ஒரு ஸ்டொப் கூட்டுங்கள். பனியில் ஃபோகஸ் அலைந்தால் கைப்பிடிக் கம்பியின் ஓரத்தைப் பிடியுங்கள்.

பிளாஷ் வேண்டவே வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் திடீர் வெளிச்சம் பட்டால் அடுத்த படி தெரியாது, முதியவர் விழுந்துவிடுவார்.

சீத கங்குல ஓடையில் முகம் கழுவுவோர், இந்திகட்டுபான என்ற இடத்தில் ஊசியும் நூலும் காணிக்கை வைப்போர், வெள்ளை நூலைக் கம்பி நெடுக இழுத்துக்கொண்டே போவோர்: இவர்களின் கைகளை எடுங்கள். முகத்தை எடுப்பதென்றால் "எடுக்கட்டுமா அம்மா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். தலையசைத்து மறுத்தால் கெமராவை இறக்கிவிடுங்கள். சம்மதித்தவருக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது உங்கள் கடமை. சிவன் பாதம் என்று நாமும், புத்தர் பாதம் என்று சிங்களச் சகோதரரும், ஆதம் பாதம் என்று முஸ்லிம்களும் போற்றும் மலை இது. எல்லாரும் ஒரே படியில்தான் ஏறுகிறார்கள்.

வழியில் பிளேன்டீ குடிக்கக் கடைக்குள் நுழையும் முன் கெமராவைப் பைக்குள் வைத்து மூடுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் கேத்தல் ஆவி பட்டால் உடனே நீர் பூக்கும். துடைத்தாலும் திரும்பப் பூக்கும். குளிரில் பெட்டரியும் சீக்கிரம் இறங்கும். மேலதிகமானதைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள்.

உச்சியில் இடம் குறுகல். செருப்பைக் கழற்ற வேண்டும். பாதம் இருக்கும் சந்நிதிக்குள் படம் எடுக்கக் கூடாது. வெளியே மணி இருக்கிறது. எத்தனை முறை மலையேறினார்களோ அத்தனை முறை அடிப்பார்கள். மணிக்கயிற்றைப் பிடித்த முதிய கை, உதயத்தைவிட நல்ல படம்.

மாதத்தைப் பொறுத்து 5.45க்கும் 6.30க்கும் இடையில் சூரியன் வரும். கூட்டமெல்லாம் கிழக்கே நெருக்கும்போது நீங்கள் மேற்குப் பக்கம் போய் நில்லுங்கள். மலையின் நிழல் முக்கோணமாகப் பனிப்புகை மேல் விழும். எந்த மலையின் நீண்ட நிழலும் தூரத்தில் குவிந்து இப்படித்தான் தெரியும். வானம் தெளிந்திருந்து கீழே மெல்லிய மூட்டமும் இருந்தால்தான் நன்றாகத் தெரியும். சூரியன் ஏற ஏற நிழல் மலையடிக்குச் சுருங்கிவிடும், ஆகவே முதல் சில நிமிடங்களை விடாதீர்கள். அகல லென்ஸ் இதற்கு மட்டும் தேவை.

இறங்கும்போதுதான் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கமும் தேயிலைச் சரிவுகளும் கண்ணில் படும். ஆனால் முழங்கால் நடுங்கும் நேரமும் அதுவே. நடந்துகொண்டே எடுக்காமல், ஓரமாக நின்று, ஏறி வருகிறவருக்கு வழிவிட்டு எடுங்கள்.